பித்தளை நிற்கிறது, பஞ்சு உதிர்கிறது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் அடுக்குச்சட்டிகள், தேக்குப் பெட்டிகள், சுவர்க்கடிகாரங்கள் இவற்றுக்கு நடுவே பழைய கேமராக்களும் விலைக்கு வருகின்றன. நாச்சியாபுரம், கோட்டையூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்து வீடுகள் பாகம் பிரியும்போதும் இடிபடும்போதும் வெளியே வருகிற சாமான்களுக்கு அந்தத் தெருதான் இறங்குதுறை. இப்படி வருகிற கேமராவைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் வழங்குகின்றன. ‘அந்தக் காலத்துச் சாமான், லேசில் கெடாது’ என்பது ஒன்று. ‘இனி ஓடாது, ஷோகேஸில் வைக்கலாம்’ என்பது மற்றொன்று. கேமராவைத் திறந்து பார்க்காமலே சொல்லப்படுபவை இரண்டும். எந்தப் பாகம் கெடுகிறது, எப்படிக் கெடுகிறது, கெட்டதை யார் சரிசெய்ய முடியும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் இரண்டு தீர்ப்புகளும் நிற்பதில்லை. பழைய கேமராவின் நம்பகம் அதன் பித்தளைக்கும் கண்ணாடிக்கும் உள்ளே மட்டும் இருந்த குணம் அன்று. அதை நாள்தோறும் இயக்கிய கை, அதன் பிழையைப் பொறுத்துக்கொண்ட ஃபிலிம், அவ்வப்போது திறந்து துடைத்துக் கொடுத்த மெக்கானிக் ஆகிய மூவரும் சேர்ந்து சுமந்த குணம் அது. மூவரும் விலகிய பிறகு கேமராவை மட்டும் தனியே நிறுத்தி நம்பலாமா என்று கேட்பது பாதிக் கேள்விதான்.

கேமரா செட்டிநாட்டுக்குப் புதுச் சரக்கு அல்ல. பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் குடும்பங்கள் தேக்கையும் பீங்கானையும் கண்ணாடியையும் கொண்டுவந்த அதே கப்பல் வழியில்தான் கேமராவும் படமும் இந்த மண்ணுக்கு வந்தன. வீடுகளின் முகப்பிலும் வளவிலும் உத்தரத்தை ஒட்டி வரிசையாகச் சாய்த்து மாட்டிய படங்கள் அதற்குச் சாட்சி. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்று, உலகம் சுற்றிப் பலருடைய கேமராக்கள் எடுத்திருந்த துணுக்குகளைத் திரட்டி, 1940-இல் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். ஏ.வி. மெய்யப்பன் ‘நாம் இருவர்’ படத்தைக் காரைக்குடியில் போட்ட ஸ்டூடியோவில் எடுத்து 1947-இல் வெளியிட்டார். விடுதலைக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது, வெளிநாட்டுக் கேமரா என்பது பயணிகளின் பெட்டியில் வருகிற பொருளாயிற்று. கிடைத்தற்கரிய பொருள் என்பதால் அது பத்திரப்படுத்தப்பட்டது. தோல் உறைக்குள், உறையைத் துணிக்குள், துணியை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அந்தப் பத்திரமே பல கேமராக்களுக்கு எமனாயிற்று என்பதைக் கீழே காணலாம்.

முதலில், கெடுவதற்கு அதிகம் இல்லாத கேமராவிலிருந்து தொடங்குவது நல்லது. ஊர் ஸ்டூடியோக்களில் முக்காலியின் மேல் நின்ற ஸ்டாண்ட் கேமரா ஒரு மரச்சட்டம், ஒரு துருத்தி, ஒரு லென்ஸ், பின்னால் ஒரு தேய்த்த கண்ணாடி, மேலே ஒரு கறுப்புத் துணி, அவ்வளவுதான். பலவற்றில் ஷட்டரே கிடையாது. போட்டோகிராபர் லென்ஸ் மூடியைக் கழற்றி, மனத்துக்குள் எண்ணி, மறுபடி மூடுவார். அவருடைய மணிக்கட்டுதான் ஷட்டர். இந்த வகையில் தென்னிந்தியாவுக்கென்றே ஒரு பெயர் உண்டு: ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் 1940-களில் செய்யத் தொடங்கிய வாகீஸ்வரி கேமரா. தேக்கும் பித்தளையும் கொண்டு செய்யப்பட்ட அந்தக் கேமரா பல ஸ்டூடியோக்களில் பல்லாண்டு ஓடியது. அதன் பிறப்பு இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. அந்தக் குடும்பத்தின் தொழில் இசைக்கருவிகளைப் பழுதுபார்ப்பது. உள்ளூர் ஸ்டூடியோ ஒன்றின் கேமராவில் துருத்தி பழுதாகி, அதைச் சரிசெய்யக் கைவைத்ததிலிருந்துதான் கேமரா செய்யும் எண்ணமே வந்தது. பழுதுபார்க்கத் தெரிந்த கையிலிருந்து கேமரா பிறந்தது. ஆகவே அந்தக் கேமராவில் பழுதுபார்க்க முடியாத பாகம் ஒன்றும் இல்லை. துருத்தியில் ஊசித்துளை விழுந்தால் இருட்டறையில் உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்த்துக் கறுப்புத் துணியும் பசையும் கொண்டு ஒட்டலாம். சட்டம் விரிந்தால் தச்சர் போதும்.

சிக்கல், கணக்கைக் கேமராவின் உள்ளேயே வைத்தபோது தொடங்குகிறது. ஜெர்மனியின் காம்பூர் ஷட்டரையோ அதன் வழியில் ஜப்பானில் வந்த கோப்பாலையோ எடுத்துக்கொள்வோம். ஒரு நொடி என்று வைத்து அழுத்தினால் ‘ஸ்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் ஓடி, கடைசியில் ‘டக்’ என்று முடியும். அந்த ஓட்டம், சுவர்க்கடிகாரத்தின் ‘டிக் டிக்’ எந்த வகைப் பல்சக்கரத்திலிருந்து வருகிறதோ அதே வகைப் பல்சக்கரத்தின் ஓட்டம். ஸ்பிரிங் இழுக்கிறது, நங்கூரம் போன்ற ஒரு சிறு துண்டு பல்லுக்குப் பல் தடுத்துத் தடுத்து விடுகிறது, அந்தத் தாமதமே ஒரு நொடி. பல்லில் இட்ட எண்ணெய் இறுகிவிட்டால் சத்தம் இழுக்கும், நடுவில் திணறும், சில நேரம் பாதியில் நின்றே போகும். இதே ஷட்டரை 1/250-இல் வைத்து அழுத்தினால் பளிச்சென்று வேலை செய்யும், ஏனென்றால் வேகம் கூடும்போது அந்தப் பல்சக்கரத் தொடரின் தடுப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. விற்பவர் வேகமான எண்ணில் ஒருமுறை அழுத்திக் காட்டி ‘பாருங்கள், ஓடுகிறது’ என்றால் அவர் பொய் சொல்லவில்லை. ஓடுகிற பாகத்தைக் காட்டுகிறார், அவ்வளவுதான். கேமராவின் உடல்நிலையைச் சொல்வது மெதுவான எண்கள். அதைக் கேட்கக் காது வேண்டும்.

இங்கே பழுதையும் பழக்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கெட்டுவிட்டது என்று ஒதுக்கப்படும் கேமராக்களில் சில, தமக்குரிய ஒழுங்கை மீறி இயக்கப்பட்டவை, அல்லது ஒழுங்கின்படியே நின்றுகொண்டிருப்பவை. 1950-களின் கொடாக் ரெட்டினா வகைகளில் படம் எண்ணும் முள் மேலிருந்து கீழாக இறங்கும். எண் முடிந்ததும் லீவர் பூட்டிக்கொள்ளும், எத்தனை பலமாக இழுத்தாலும் நகராது. முள்ளை மறுபடி மேலே ஏற்றினால் பூட்டு விடும். தெரியாதவர் பலத்தைக் காட்டி உள்ளே பல்லை உடைப்பார். லைக்காவின் வடிவைப் பின்பற்றிச் சோவியத் நாடு செய்த ஸோர்க்கியில் ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். முன்பே மாற்றினால் உள்ளே ஊசி தடம் மாறிச் சிக்கிக்கொள்ளும். பழைய காம்பூர்–ரேப்பிட் ஷட்டரில் இதற்கு நேர்மாறு: உச்ச வேகத்துக்குக் கூடுதல் ஸ்பிரிங் ஒன்று உண்டு, ஆகவே 1/500 வேண்டுமானால் ஏற்றுவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். 1957-இல் வந்த ஹாசல்பிளாட் 500சி-யில் உடலும் லென்ஸும் இரண்டுமே ஏற்றிய நிலையில் இருந்தால்தான் ஒன்றோடொன்று சேரும். ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்தால் பொருந்தாது. அதைச் சரியாக்க ஒரு திருப்புளி போதும், எங்கே நுழைத்து எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரிந்திருந்தால். ஒரு கேமராவில் சரியான செயல் இன்னொன்றில் பிழை என்பதால், ‘கேமரா தெரியும்’ என்ற பொது அறிவு இங்கே உதவாது. மாட்டுக்கு மாடு சுபாவம் வேறு என்று வண்டிக்காரர் அறிந்திருப்பது போன்ற அறிவு தேவை. அந்த அறிவு கையேட்டுத் தாளில் இருந்தது. தாள் போய்விட்டது.

உண்மையான பழுதுகளுக்கு வருவோம். பித்தளையும் எஃகும் அலுமினியமும் கண்ணாடியும் எழுபது ஆண்டுகளைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. கெடுவது இவற்றின் நடுவே வைத்த மெத்தான சரக்கு: கதவிடுக்கில் வெளிச்சம் புகாமல் ஒட்டிய பஞ்சு, துருத்தியின் தோல், ஷட்டர் திரையின் ரப்பர் பூசிய துணி, இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய கனடா பால்சம் என்ற பிசின், பல்லுக்கு இட்ட கிரீஸ். செட்டிநாட்டு வீட்டில் கருங்கல்லும் தேக்கும் நூறு ஆண்டு நிற்க, ஓட்டு இடுக்கில் இறங்கிய நீர்தான் உத்தரத்தை உளுக்கச் செய்கிறது. கேமராவும் அதே விதிக்கு உட்பட்டது. 1966-இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் லென்ஸும் உலோகமும் இன்றும் குறையில்லாமல் இருக்கும். உள்ளே ஒரு நெம்புகோலைத் தாங்கும் கடுகளவு ரப்பர் மெத்தை மட்டும் காலப்போக்கில் உதிர்ந்துவிடும். அது உதிர்ந்ததும் வெளிச்சக் கணக்கு மொத்தமும் தவறும். நல்ல நிலையில் உள்ள கேமராவில் லீவரை இழுக்கும்போது ஒரு ‘டொக்’ கேட்கும், மெத்தை போனதில் கேட்காது. கடுகளவு ரப்பர் போனதால் முழுக் கேமராவும் குப்பைக்குப் போயிருக்கிறது.

பேட்டரியின் கதை இதைவிட வருத்தமானது, ஏனென்றால் அங்கே கேமராவிடம் குறையே இல்லை. 1960, 70-களின் பல கேமராக்களில் வெளிச்சமானிக்கு 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரி போட வேண்டும். அது தீரும் வரை ஒரே மின்னழுத்தத்தைத் தரும், ஆகவே கருவியைச் செய்தவர்கள் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். பாதரசத்தின் தீமை கருதி அந்தப் பேட்டரிகள் உலகெங்கும் நிறுத்தப்பட்டன. நிறுத்தியது சரியே. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்ட காரணத்தை அறிந்த தமிழ்நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேமராவில் இன்று கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் கூடுதலாக ஏறும், வெளிச்சம் அதிகம் என்று காட்டும், படம் இருண்டு வரும். பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் போன்ற சிலவற்றில் மின்சுற்று வேறு விதமாக அமைந்ததால் இந்தப் பிழை அநேகமாக வராது. ஜெனித்–இ பேட்டரியே கேட்காது. செலினியம் தகடு வெளிச்சத்திலிருந்து தானே மின்சாரம் எடுக்கும். ஆனால் அந்தத் தகடும் வயதாக ஆகக் களைத்து, குறைவாகக் காட்டும். ஒரு முள் அசைகிறது என்பதாலேயே அது உண்மை சொல்கிறது என்று கொள்ள முடியாது.

இந்த ஊர்க் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிவகங்கைச் சீமை வறண்ட பூமி, ஆகவே பூஞ்சை பிடிக்காது என்று நினைப்பது இயல்பு. கடற்கரை ஊர்களோடு ஒப்பிட்டால் அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறிய தோல் உறை, பிறகு மாதக்கணக்கில் காயாமல் இருட்டு அலமாரியில் கிடக்கிறது. பூஞ்சைக்கு வேண்டியவை ஈரம், இருட்டு, அசையாத காற்று. மூன்றையும் அந்தப் பத்திரமே செய்து கொடுக்கிறது. லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் படரும் பூஞ்சையைத் தொடக்கத்தில் துடைத்து எடுத்துவிடலாம். நாளானால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தும் பயனில்லை. சித்திரை, வைகாசி வெயில் வேறு வகையில் கெடுக்கிறது. கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து லென்ஸின் இதழ்களில் இறங்கி ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். துணித்திரை ஷட்டர் கொண்ட ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை மூடியில்லாமல் சூரியனைப் பார்க்க வைத்தால், லென்ஸே பூதக்கண்ணாடியாகித் திரையில் ஓட்டை போட்டுவிடும். பேட்டரியை உள்ளேயே விட்டுப் பூட்டினால் அது கசிந்து பச்சை பூத்துக் கம்பியை அரிக்கும். இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, அழகப்பச் செட்டியாரின் நிலத்திலும் நிதியிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊரார் வாயில் சிக்ரி, காரைக்குடியிலேயே இருக்கிறது. உலோக அரிப்பும் பேட்டரியும் அங்கே முக்கியமான ஆராய்ச்சித் துறைகள். அரிப்பைப் பற்றிய அவ்வளவு அறிவு திரண்ட ஊரில், அலமாரிக் கேமராவிலிருந்து பேட்டரியை எடுத்துவைக்க வேண்டும் என்ற எளிய செய்தி வீடுகளுக்குள் போயிருக்கலாம்.

இனி மறுப்புகள். பழைய கேமராக்களில் நல்லவை மட்டுமே மிஞ்சியிருக்கின்றன, கெட்டவை எப்போதோ எடைக்குப் போய்விட்டன, ஆகவே மிஞ்சியதைப் பார்த்து அந்தக் காலத்துச் சாமான் எல்லாமே உறுதி என்று முடிவு செய்வது பிழை என்பார்கள். இது வலுவான மறுப்பு, பெரும்பகுதி ஏற்கத்தக்கது. ஆனால் மிஞ்சியவற்றில் விலையுயர்ந்த லைக்காவும் ரோலிஃப்ளெக்ஸும் மட்டும் இல்லை. பரோடாவில் தயாராகி நடுத்தரக் குடும்பங்களில் புழங்கிய அக்ஃபா கிளிக் 3-உம் ஏராளமாக மிஞ்சியிருக்கிறது. அது விலை மலிவான, எளிய பெட்டி. ஷட்டருக்கு ஒரே வேகம், வெயில், மேகம் என்று அடையாளமிட்ட ஒரு நெம்புகோல், அதற்குமேல் அமைக்க ஒன்றும் இல்லை. உயர்ந்த வேலைப்பாடும் கேமராவைக் காக்கிறது, பாகங்கள் குறைவாக இருப்பதும் காக்கிறது. இடைநடுவே, பாகமும் கூடி வேலைப்பாடும் குறைந்தவைதான் முதலில் செத்தன. ஆகவே வயதை மட்டும் வைத்து உறுதியைச் சொல்ல முடியாது என்ற அளவில் மறுப்பை ஏற்கிறேன். உறுதி என்பதே வெறும் பிரமை என்று அதை நீட்டினால் ஏற்க இயலாது.

இன்னொரு மறுப்பு அளவைப் பற்றியது. பழைய எந்திர ஷட்டரை இன்று கருவி வைத்து அளந்தால் 1/1000 என்று எழுதியிருப்பது அந்த வேகத்தில் ஓடுவது அரிது, பெரும்பாலும் மெதுவாகவே ஓடும். இப்படித் தவறும் கருவியை நம்பகமானது என்று சொல்வது எப்படி? பதில் கேமராவுக்கு வெளியே இருக்கிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப் அளவுக்கு வெளிச்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். உதகையில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோலும் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஆர்வோ ரோலும் போட்டு எடுத்த காலத்தில், ஷட்டர் செய்த பிழையை ஃபிலிம் பாதி விழுங்கியது, மீதியை இருட்டறையில் பிரிண்ட் போட்டவர் தாள் மாற்றியும் நேரம் கூட்டியும் சரிக்கட்டினார். வீட்டுக்கு வந்த படத்தில் பிழை தெரியவில்லை. தெரியாததால் கேமரா தவறவே இல்லை என்ற பெயர் நிலைத்தது. இந்தப் பெயரில் கேமராவின் பங்கு பாதிதான். பொறுமை குறைந்த ஸ்லைடு ஃபிலிமைப் போட்டு எடுப்பவருக்கு அதே கேமரா உடனே குட்டை வெளிப்படுத்திவிடும்.

மின்னணுக் கேமராக்களின் பக்கம் நின்று சொல்லப்படுவதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். எந்திரம் என்றால் நீடிக்கும், மின்சாரம் என்றால் சாகும் என்பது முழு உண்மை இல்லை. நிக்கான் எஃப்3 1980-இல் மின்னணு ஷட்டரோடு வந்து, 2001 வரை தயாரிக்கப்பட்டது. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அதைக் கசக்கிப் பிழிந்தும் அது நின்றது. அதில் பேட்டரி தீர்ந்தால் ஒரே ஒரு வேகத்தில் இயங்க எந்திர வழி ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்திரத்துக்கும் மின்னணுவுக்கும் உள்ள வேறுபாடு ஆயுளில் இருப்பதைவிடச் சாகும் விதத்தில் இருக்கிறது. எந்திரக் கேமரா நோயாளிபோல் முன்கூட்டியே முனகும்: ஒரு நொடி இழுக்கும், லீவர் கனக்கும், திரை ஒரு பக்கம் பின்தங்கிப் படத்தின் ஓரம் இருளும். கேட்கத் தெரிந்தவர் மாதங்களுக்கு முன்பே மெக்கானிக்கிடம் கொண்டுபோவார். மின்சுற்றுப் பலகை நேற்று வரை சரியாக இருந்து இன்று காலை மௌனமாகிவிடும், அந்தப் பலகையைப் புதிதாகச் செய்து கொடுக்க எந்தத் தெருவிலும் ஆள் இல்லை. நம்பகம் என்ற சொல்லுக்குக் கெடாமல் இருப்பது ஒரு பொருள். கெடுவதை முன்பே சொல்வதும், சொன்ன பிறகு சரிசெய்ய இடம் கொடுப்பதும் அதன் மற்றொரு பொருள். பழைய எந்திரக் கேமரா இந்த இரண்டாவது பொருளில்தான் உயர்ந்தது.

அங்கேதான் கடைசி மறுப்பு நிற்கிறது, அதுவே எல்லாவற்றிலும் கூர்மையானது. சரிசெய்ய இடம் கொடுக்கும் பொருள், சரிசெய்ய ஆள் இல்லாத ஊரில் என்ன பயன்? கேமரா மெக்கானிக்குகள் குறைந்துவிட்டார்கள், உதிரிப் பாகம் வேண்டுமானால் இன்னொரு கேமராவைத்தான் அறுக்க வேண்டும். இதை மறுக்க முடியாது. அரைகுறைக் கை செய்யும் சேதமோ பழுதைவிடப் பெரிது. சிக்கிய ஷட்டருக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவது வீட்டு வைத்தியம், அது கேமராவுக்கு விஷம். தையல் மிஷினுக்கு எண்ணெய் உயிர், லென்ஸ் ஷட்டரின் இதழ்களோ காய்ந்திருந்தால்தான் ஓடும். சொட்டு விட்ட அன்று ஷட்டர் ஓடும், மறுவாரம் ஈரத் தாள்கள்போல் ஒட்டிக்கொள்ளும். பெரிய கேமரா நிறுவனம் ஒன்றே இந்தக் கை அறிவின் பஞ்சத்தை உணர்ந்திருக்கிறது. பென்டாக்ஸ் பெயரில் 2024-இல் புதிய ஃபிலிம் கேமரா ஒன்றைச் செய்தபோது, லீவரால் ஃபிலிம் நகர்த்தும் அமைப்பைத் திரும்பக் கொண்டுவர, ஓய்வுபெற்ற தன் பழைய பொறியாளர்களிடம் இளம் பொறியாளர்களைக் கேட்டுப் படிக்க வைத்தது. வரைபடம் இருந்தும் போதவில்லை, ஆள் வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழைய ஸ்டூடியோக்களின் படங்களை எண்மமாக்கும் பணியைச் செய்திருக்கிறது. அந்தப் படங்களை எடுத்த கருவிகளுக்கும் அவற்றைத் திறந்து மூடிய கைகளுக்கும் அதே அளவு கவனம் வேண்டும். முனீஸ்வரன் கோவில் தெருவில் கேமரா வாங்குபவர் செய்யக்கூடியவை எளியவை. தோல் உறையைப் பிரித்துத் தனியே வைக்கலாம், பேட்டரியை எடுத்துவிடலாம், மாதம் ஒருமுறை வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட்டிப் பார்க்கலாம், ஒரு நொடியின் சத்தத்தைக் காதால் அளக்கலாம். எஞ்சியிருக்கும் மெக்கானிக்குகளிடம் உட்கார்ந்து எழுதிவைக்க வேண்டியவை வேறு. எந்தக் கேமராவில் பஞ்சுக்குப் பதில் கறுப்புக் கம்பளி நூல் போதும், எந்தப் பல்லுக்கு எண்ணெய் கூடவே கூடாது, எந்தச் சத்தம் எந்தப் பல்லின் தேய்மானம், எந்தத் திருகு மற்றவற்றைப் போலன்றி வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். கடைசியாகச் சொன்ன இந்த ஒன்று தெரியாமல் பலம் கொடுத்து உடைக்கப்பட்ட மேல்மூடிகள் இப்போதும் கடைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன.